வினியர் என்றாலே போலியா? வானூர் பக்கம் விலைக்கு நிற்கும் ‘ஸ்காண்டிநேவியன்’ டீப்பாயை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகிறவர்கள் பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பெரிய முதலியார்சாவடியில் ஆரோவில் பக்கம் திரும்பி, குயிலாப்பாளையத்தில் ஒரு காபி குடித்துவிட்டு, வழியில் தென்படும் பழைய மரச்சாமான் கடைகளில் ஏறி இறங்குவது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் வரும் பகுதி இது. செட்டிநாட்டுத் தூண்கள், பிரெஞ்சுக் காலத்து அலமாரிகள், பாதி உடைந்த ஈஸி சேர்கள் என்று எல்லாம் இங்கே அடுக்கிக் கிடக்கும்.

அவற்றுக்கு நடுவே சில நேரம் வேறு மாதிரி ஒரு டேபிள் கண்ணில் படும். முழங்கால் உயரம்தான். வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்த, கீழே போகப் போக மெலியும் நான்கு கால்கள். செதுக்கல் வேலை எதுவும் இல்லை. ஆனால் மேல்பலகையில் மரத்தின் கோடுகள் இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். “ஒரிஜினல் ஸ்காண்டிநேவியன் சார், அம்பது அறுபதுல செஞ்சது” என்பார்கள். கொஞ்சம் தயங்கினால் அடுத்த வசனம் வரும்: “மேல லேசா தேய்ச்சு பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடும்.”

இதில் முதல் வாக்கியம் உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அந்த டேபிளை ஒரே மணி நேரத்தில் குப்பையாக்கிவிடக் கூடியது இரண்டாவது வாக்கியம்தான். ஏன் என்று புரிய, முதலில் வினியர் என்ற பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வினியர் என்றால் என்ன?

மரத்தை மிக மெல்லிய ஏடுகளாகச் சீவி எடுத்து, அதை வேறொரு பலகையின் மேல் ஒட்டுவதுதான் வினியர். மேலே தெரிவது அசல் மரம். உள்ளே இருப்பது பிளைவுட், பிளாக்போர்டு அல்லது விலை குறைந்த வேறு மரம்.

நம் ஊரில் ‘வினியர்’ என்றதும் பலருக்கும் சன்மைக்கா நினைவுக்கு வரும். இரண்டும் வேறு வேறு. மரக்கோடு போட்ட சன்மைக்கா என்பது பிசினில் ஊறிய தாள்களை அழுத்திச் செய்த தகடு. மேலே தெரியும் மரக்கோடு அச்சடித்த படம். வினியர் அப்படியல்ல. அது மரமேதான், மெல்லியதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இது நவீன காலத்துச் சிக்கன வேலையும் இல்லை. 3,000 ஆண்டுகளுக்கு முன்பே பழங்கால எகிப்தியர்கள் அரிய மரங்களை மெல்லிய ஏடுகளாக அறுத்து, சாதாரண மரத்தின் மேல் ஒட்டிப் பெட்டிகளும் நாற்காலிகளும் செய்தார்கள். நல்ல மரம் அவர்களுக்கும் தூரத்து ஊரிலிருந்து வரவேண்டியிருந்தது. இருப்பதை நீட்டிப் பயன்படுத்த அவர்கள் கண்ட வழி இது.

கணக்குப் போட்டால் விஷயம் எளிது. ஒரு அங்குல தடிமன் பலகை என்பது சுமார் 25 மில்லிமீட்டர். அதையே 0.6 மில்லிமீட்டர் ஏடுகளாகச் சீவினால் ஏறக்குறைய 40 ஏடுகள் கிடைக்கும். ஒரு டேபிளின் மேல்பரப்புக்குப் போகும் மரம், வினியரில் 40 டேபிள்களுக்குப் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. முழு மரப்பலகை ஈரம் ஏறினால் குறுக்குவாட்டில் விரியும், காய்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் வாசற்கதவு இறுகிக்கொள்வதும் கோடையில் தளர்வதும் இதனால்தான். பிளைவுட்டில் ஒவ்வொரு ஏடும் முந்தையதற்குக் குறுக்காக ஒட்டப்படுவதால், ஒன்று விரியப் பார்க்கும்போது மற்றொன்று பிடித்து நிறுத்துகிறது. அகலமான, மெல்லிய, வளையாத ஒரு மேல்பலகை வேண்டுமென்றால் வினியர் ஒட்டிய பலகை முழு மரத்தைவிட நன்றாகவே வேலை செய்யும்.

அந்தக் கோலம் எங்கிருந்து வருகிறது?

மரக்கோடு என்பது மரத்தின் வயதுக் கணக்கு. வேகமாக வளர்ந்த பருவமும் மெதுவாக வளர்ந்த பருவமும் வெவ்வேறு அடர்த்தியில், நிறத்தில் வளையங்களாகப் பதிகின்றன. வானூர் வட்டத்திலேயே இதற்கு ஒரு பிரமாண்டமான சாட்சி இருக்கிறது. திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்காவில் கிடக்கும் அடிமரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. மரம் போய்க் கல் வந்த பிறகும் மரக்கோடுகள் அப்படியே தெரிகின்றன.

வினியரில் இந்தக் கோடுகள் எந்த வடிவத்தில் தெரியும் என்பதை முடிவு செய்வது வெட்டும் கோணம்தான். மூன்று முறைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, பென்சில் சீவியில் பென்சிலைச் சுற்றுவதுபோல மரத்தடியைச் சுழற்றி, சுருளாக உரித்தெடுப்பது. இதில் அகலமான ஏடு கிடைக்கும். கோடுகள் கலைந்து, அலை அலையாக இருக்கும். சாதாரண பிளைவுட்டில் பார்ப்பது இதுதான்.

இரண்டாவது, தடியை நீளவாக்கில் நேராகச் சீவுவது. நடுவில் கோபுரம் கோபுரமாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய வளைவுகள் வரும்.

மூன்றாவது, தடியை நான்காகப் பிளந்து, வளையங்களுக்குச் செங்குத்தாகச் சீவுவது. நெருக்கமான நேர்கோடுகள் கிடைக்கும்.

அடுத்தடுத்துச் சீவிய இரண்டு ஏடுகளில் கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அவற்றைப் புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து ஒட்டினால், நடுக்கோட்டின் இருபுறமும் ஒன்றின் பிம்பம் மற்றொன்றாகத் தெரியும். நான்கு ஏடுகளை வைத்துச் செய்தால் வைர வடிவம் வரும். மேல்பலகையில் தெரிந்த அந்தக் கண்ணாடிப் பொருத்தம் இதுதான். முழு மரப்பலகைகளில் அவ்வளவு துல்லியமாக இதைச் செய்ய முடியாது. ரம்பம் அறுக்கும்போது நடுவே கொஞ்சம் மரம் தூளாகிப் போய்விடும். கோடும் அந்த அளவுக்கு நகர்ந்துவிடும்.

ஆக, இந்த வகை டேபிளில் வினியர் என்பது மறைத்து வைக்க வேண்டிய குறை இல்லை. அந்த அழகே வினியரால்தான் வருகிறது.

ஸ்காண்டிநேவியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் வீடுகள் சிறியவை, கைகளில் காசு குறைவு, மரச்சாமான்களின் தேவை மட்டும் அதிகம். டென்மார்க்கில் அதற்கு முன்பே ஒரு நல்ல அடித்தளம் இருந்தது. கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. தச்சர்களும் வடிவமைப்பாளர்களும் சேர்ந்து வேலை செய்த இடம் அது. ஹான்ஸ் வெக்னர், ஃபின் யூல் போன்ற பெயர்கள் அங்கிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தன.

1954 முதல் 1957 வரை ‘டிசைன் இன் ஸ்காண்டிநேவியா’ என்ற கண்காட்சி அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகச் சுற்றியது. ‘ஸ்காண்டிநேவியன்’ என்பது விலைச்சீட்டில் எழுதும் வார்த்தையாக மாறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மரக் கோலத்தையே கலையாக்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், அது பின்லாந்தின் தாப்பியோ விர்க்கலா. அவர் மெல்லிய மர ஏடுகளை அடுக்கடுக்காக ஒட்டித் தனக்கென ஒரு பிளைவுட் கட்டையைத் தயார் செய்வார். பிறகு அதைச் சாய்வாகச் செதுக்குவார். செதுக்கிய இடமெல்லாம் ஏடுகளின் ஓரங்கள் கோடு கோடாக வெளிப்படும். இப்படி அவர் செய்த இலை வடிவத் தட்டை, 1951-இன் மிக அழகான பொருள் என்று அமெரிக்காவின் ‘ஹவுஸ் பியூட்டிஃபுல்’ இதழ் தேர்ந்தெடுத்தது. அதே உத்தியில் இலை, அலை வடிவங்களைப் பதித்த காபி டேபிள்களையும் அவர் ஆஸ்கோ என்ற பின்லாந்து நிறுவனத்துக்கு வடிவமைத்தார்.

இன்னொரு டேபிள் உலகத்தையே மாற்றியது. 1956-இல் ஸ்வீடனின் ஐகியா நிறுவனத்துக்காக கில்லிஸ் லுண்ட்கிரென் ‘லோவெட்’ என்ற சிறிய டேபிளை வடிவமைத்தார். பெயரின் பொருள் இலை, வடிவமும் இலைதான். மூன்று கால்கள். காரில் ஏற்ற முடியாமல் காலைக் கழற்றி வைத்ததிலிருந்து, பிரித்து அடுக்கி விற்கும் யோசனை அந்த நிறுவனத்தில் வேர்விட்டது என்பது அந்த நிறுவனமே சொல்லும் கதை. 2013-இல் இதே டேபிள் வேறு பெயரில் மறுபடியும் விற்பனைக்கு வந்தது. 2018-இல் ஐகியா தன் முதல் இந்தியக் கடையை ஹைதராபாத்தில் திறந்தபோது நம்மில் பலரும் வரிசையில் நின்றது, ஒருவகையில் இந்தக் கழற்றிய காலின் தொடர்ச்சிதான்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்தக் கால டென்மார்க் டேபிள்களில் பெரும்பாலும் தேக்கும் ரோஸ்வுட்டும்தான். இரண்டுமே டென்மார்க்கில் விளைபவை அல்ல. தேக்கு ஆசியாவிலிருந்து கப்பலில் போனது. வடிவம் மட்டும்தான் வடக்கிலிருந்து வந்தது. மரம் நம் பக்கத்து ஊர்க்காரன்.

நம் வீட்டு டீப்பாய் இதில் எங்கே வருகிறது?

காபி டேபிள் என்று இன்று சொல்வதை முந்தைய தலைமுறை டீப்பாய் என்றது. பெயரைப் பார்த்து டீக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நினைத்தால் தவறு. மூன்று கால் என்று பொருள்படும் இந்தி வார்த்தையான ‘திபாய்’தான் இப்படி மாறியது. லோவெட் டேபிளுக்கு மூன்றே கால் என்பதால், அதுதான் சொல்லுக்குச் சரியான டீப்பாய்.

கூடத்து நடுவில், சாய்ந்த கால்களோடு, கீழே செய்தித்தாள் வைக்கும் தட்டோடு நின்ற அந்த டீப்பாய் எந்த வெளிநாட்டிலிருந்தும் இறங்கவில்லை. பத்திரிகைப் படத்தைப் பார்த்தோ, பக்கத்து வீட்டில் பார்த்தோ, “இந்த மாதிரி ஒண்ணு வேணும்” என்று ஆசாரியிடம் சொல்லிச் செய்தவை ஏராளம். ஆகவே ‘ஸ்காண்டிநேவியன்’ என்று இன்று விற்கப்படும் ஒரு டேபிள், உண்மையில் நம் ஊர்த் தச்சர் நல்ல தேக்கில் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அது டென்மார்க்கில் செய்தது இல்லை என்பதால் மட்டமானது ஆகிவிடாது. ஆனால் டென்மார்க் விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

கோல்கொண்டே: ஸ்காண்டிநேவியன் அலைக்கு முந்தைய புதுச்சேரி வேலை

நவீன மரச்சாமான் வரலாற்றில் ஒரு முக்கியமான பக்கம், வானூருக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930களின் பிற்பகுதியில் எழத் தொடங்கிய கோல்கொண்டே விடுதி, இந்தியாவின் தொடக்ககால நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்ட். கட்டட வேலையைக் கவனிக்க 1937-இல் வந்தவர், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகஷிமா.

நகஷிமா ஆசிரமத்திலேயே தங்கினார். அரவிந்தர் அவருக்குச் ‘சுந்தரானந்தா’ என்று பெயர் வைத்தார். அந்த விடுதி அறைகளுக்கான தேக்கு மரச்சாமான்களையும் அவர் வடிவமைத்தார். அலங்காரம் இல்லை, எடை குறைவு, காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் போக வேண்டும் என்ற எண்ணம். அவர் 1939-இல் கிளம்பிப் போனார். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய மரக்கலைஞர்களில் ஒருவராகக் கொண்டாடப்பட்டார். 1964-இல் மறுபடியும் இந்தியா வந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மரச்சாமான்களை வடிவமைத்தார்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. நகஷிமாவின் பெயர் நிற்பது முழு மரப்பலகைகளில். மரத்தின் வெடிப்பையும் ஓரத்து வளைவையும் அப்படியே விட்டவர் அவர். வினியரைத் துல்லியமாக ஒட்டிய டென்மார்க் வழி ஒன்று. வெடிப்போடு சேர்த்து மரத்தை ஏற்றுக்கொண்ட நகஷிமா வழி இன்னொன்று. இரண்டுமே மரத்துக்கு மரியாதை செய்தவைதான். எனவே முழு மரமா, வினியரா என்பதை வைத்து மட்டும் ஒரு டேபிளின் தரத்தை முடிவு செய்ய முடியாது. வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சண்டிகர் கற்றுத்தந்த பாடம்

பழைய டேபிள் ஒன்றின் மதிப்பு தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் சண்டிகர். 1950களில் அந்த நகரம் எழும்பியபோது, லெ கொர்பூசியேவின் உறவினரான பியர் ஜான்னரே அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கில் நாற்காலி, மேசைகளை வடிவமைத்தார். உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள்.

பத்து இருபது ஆண்டுகள் கழித்து அவை பழசாகின. கால் உடைந்தவை மொட்டை மாடியிலும் வராந்தாவிலும் குவிந்தன. அரசு அலுவலகங்கள் அவற்றைக் கழிவுப் பொருளாக ஏலம் விட்டன. ஐரோப்பிய வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப் போய், சீர்செய்து, பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலத்தில் விட்டபோது ஒரு நாற்காலியே பல லட்சம் ரூபாய்க்குப் போனது. இந்தப் பயணத்தைப் பின்னோக்கித் தொடர்ந்து, கலைஞர் ஏமி சீகல் 2013-இல் ‘ப்ராவனன்ஸ்’ என்ற படமே எடுத்தார்.

2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் இந்தப் பாரம்பரியப் பொருட்களை விற்கவோ ஏலம் விடவோ கூடாது என்று உத்தரவிட்டது. ஆனால் ஏற்கெனவே கைமாறியவற்றைத் தடுப்பது கடினம். காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, ஒரு பொருள் தொல்பொருளாகக் கருதப்படக் குறைந்தது 100 ஆண்டு பழமை வேண்டும். 1955-இல் செய்த நாற்காலி அந்தக் கணக்கில் வராது.

நம் டீப்பாய்க்கும் இதே நிலைதான். அதைச் சட்டம் காப்பாற்றாது. அது யார் வீட்டில் இருக்கிறதோ, அவர்களுக்குத் தெரிந்தால்தான் பிழைக்கும்.

ரோஸ்வுட் என்றால் இன்னொரு கணக்கு

டேபிள் கரும்பழுப்பாக, ஊதா கலந்த கோடுகளோடு இருந்தால் அது ரோஸ்வுட்டாக இருக்கலாம். நம் ஊரில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்வது இந்திய ரோஸ்வுட். டென்மார்க் டேபிள்களில் பிரேசில் ரோஸ்வுட்டும் அதிகம். அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தத்தின் கடுமையான முதல் பட்டியலில் 1992-இல் பிரேசில் ரோஸ்வுட் சேர்க்கப்பட்டது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும், நம் ஈட்டியும் சேர்த்து, கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது.

உள்ளூரில் வாங்கி வீட்டில் வைப்பவருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது கையோடு அனுப்பலாம் என்று நினைத்தாலோ, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலோ, மரம் என்ன, எப்போது செய்தது என்பதற்கு ஆவணம் கேட்கப்படலாம். வாங்கும்போதே ரசீதில் மரத்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கடையில் நின்றபடியே எப்படிச் சோதிப்பது?

இதற்கு மொபைல் போனும் ஒரு நாணயமும் போதும்.

1. ஓரத்தைப் பாருங்கள். மேல்பலகையின் கோடு ஓரத்தில் மடிந்து இறங்கி, குறுக்கு முனையில் வளைய வெட்டாகத் தெரிந்தால் முழு மரம். ஓரத்தில் தனியாக ஒரு பட்டைக் கட்டை ஒட்டியிருந்து, கோடு அங்கே அறுபட்டால் வினியர்.

2. கேமராவை நெருக்கமாக வைத்துப் பெரிதாக்குங்கள். மரமென்றால் நுண்ணிய துளைகளும் இழைகளும் தெரியும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சடித்த படம். அதே வடிவம் திரும்பாமல், புரளாமல், அச்சு அசலாக மறுபடி மறுபடி வந்தாலும் அப்படித்தான்.

3. டார்ச்சைப் பலகைக்குப் பக்கவாட்டில், படுக்கை வசத்தில் பிடியுங்கள். வினியர் எழும்பிய இடங்களில் நிழல் விழும். அந்த இடத்தில் நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். ‘டக் டக்’ என்பது ‘டொப் டொப்’ ஆனால் அங்கே பசை விட்டிருக்கிறது.

4. கவிழ்த்துப் பாருங்கள். டென்மார்க்கில் செய்தவற்றில் பலவற்றுக்கு அடியில் தயாரிப்பாளரின் முத்திரையோ, டென்மார்க் மரச்சாமான் தரக்கட்டுப்பாட்டு வில்லையோ இருக்கும். எதுவுமே இல்லையென்றால் அது பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் முத்திரைக்கான விலையையும் கேட்கக் கூடாது.

5. உள்ளே என்ன பலகை என்று பாருங்கள். திருகு ஓட்டையில் எட்டிப் பார்த்தாலே தெரியும். எம்.டி.எஃப் பலகை உலகச் சந்தைக்கு வந்ததே 1960களின் நடுவில்தான். ‘1955 மாடல்’ என்று சொல்லும் டேபிளுக்குள் எம்.டி.எஃப் இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். துகள்பலகை இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். அது 1950களிலேயே புழக்கத்தில் இருந்தது.

6. கால் மூட்டுகளுக்கு அடியில் மாவு மாதிரித் தூள் கிடக்கிறதா, குண்டூசி முனை அளவு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால், வீட்டிலுள்ள மற்ற மரத்துக்கும் விருந்தாளியைக் கூட்டி வருகிறீர்கள்.

உப்புத்தாள் ஏன் ஆபத்து?

இப்போது அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வரலாம். கையால் அறுத்த மிகப் பழைய வினியர் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்கும். ஆனால் 1950களில் இயந்திரத்தில் சீவியது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 0.6 மில்லிமீட்டர் என்பது பிரிண்டரில் போடும் ஏ4 தாள் ஆறை அடுக்கிய தடிமன். இன்றைய வினியர் இன்னும் மெல்லியது. நம் தச்சர்களின் கை பழகியது முழுத் தேக்கில். கதவையோ கட்டிலையோ இயந்திரம் வைத்துத் தேய்த்தால் ஒரு மில்லிமீட்டர் போவது பெரிய விஷயமே இல்லை. அதே கை, அதே இயந்திரம் வினியர் மேல் போனால் அடிப் பலகை வெளியே எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு எந்த பாலிஷும் அந்தக் கோலத்தைத் திரும்பக் கொண்டுவராது. முன்பே ஒருமுறை யாரோ தேய்த்திருந்தால், மிச்சம் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது.

பெரும்பாலான கறைகளுக்குத் தேய்க்கவே வேண்டியதில்லை. சூடான டம்ளர் வைத்த இடத்தில் வரும் வெள்ளை வளையம் மரத்தில் இல்லை, மேலே உள்ள பாலிஷ் பூச்சில் இருக்கிறது. பூச்சை மட்டும் சரிசெய்தால் போதும். கருப்புக் கறைதான் மரத்துக்குள் இறங்கியது.

பூச்சு என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். அப்படியானால் சானிடைசர் பாட்டிலை அந்த டேபிள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். டென்மார்க் தேக்கு டேபிள்களில் பல வெறும் எண்ணெய் பூசியவை. அவற்றுக்கு மறுபடி எண்ணெய் துடைப்பதே போதும்.

வினியர் எழும்பியிருந்தால், ஊசியால் பசையைச் செலுத்தி, மேலே தாள் வைத்து, பாரம் ஏற்றி ஒரு நாள் விட்டால் ஒட்டிக்கொள்ளும். ஓரம் பெயர்ந்திருந்தால் அதே மரத்தின் ஏட்டில் சிறு துண்டு வெட்டி, கோட்டோடு பொருத்தி ஒட்டலாம். இரண்டும் பொறுமை கேட்கும் வேலைகள். செலவு கேட்கும் வேலைகள் அல்ல.

கடலோர ஊருக்கு எப்படிப் பார்த்துக்கொள்வது?

வடகிழக்குப் பருவமழையில் கடற்கரையோரம் காற்றே ஈரமாக இருக்கும். உள்ளே ஏசி ஓடினால் காற்று காய்ந்து கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே தினமும் ஊசலாடுவதுதான் வினியருக்குப் பகை. ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும், ஜன்னல் வெயில் விழும் இடத்திலும் டேபிளை வைக்காதீர்கள். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். ஃபில்டர் காபியை டபராவோடு வைத்தாலும் அடியில் ஒரு கோஸ்டர் இருக்கட்டும். டபராவின் அடியும் சுடத்தான் செய்யும்.

பழசுதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் இங்கேயே வேறு வழியும் உண்டு. செம்மண் பொட்டலாகக் கிடந்த ஆரோவில் நிலத்தைப் பசுமையாக்கும் முயற்சியில் அதிகம் நட்ட மரங்களில் ஒன்று, அங்கே ‘வொர்க் ட்ரீ’ எனப்படும் ஆஸ்திரேலிய அகேசியா. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் அந்தக் காடுகளில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மரச்சாமான் செய்யவும் உகந்த மரம் அது. அதே சாய்ந்த கால், அதே எளிய வடிவம், பத்து கிலோமீட்டருக்குள் வளர்ந்த மரம் என்று ஒரு டீப்பாயை உள்ளூர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வதும் கோல்கொண்டே காட்டிய வழிதான்.

சரி, அந்தக் கடை டேபிளை வாங்கலாமா?

கால்கள் ஆடவில்லை, உளு இல்லை, தட்டிப் பார்த்ததில் பெரும்பகுதி நன்றாக ஒலிக்கிறது, கோலம் பிடித்திருக்கிறது என்றால் வாங்கலாம். முத்திரை இல்லாவிட்டால் நல்ல பழைய டீப்பாய்க்கு என்ன விலையோ அதைக் கொடுங்கள். கீறலும் வெள்ளை வளையமும் விலையைக் குறைத்துக் கேட்க உதவும். அவற்றுக்காக வேண்டாமென்று விட வேண்டாம்.

“டெலிவரிக்கு முன்னாடி பாலிஷ் போட்டுத் தரவா?” என்று கேட்டால் பதிலை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “வேணாண்ணே. தேய்க்காம, இருக்கற மாதிரியே துடைச்சு மட்டும் குடுங்க.”